லைன் கிளியர் யாருக்கு?

மாஸ்டரம்மா பிடித்த பிடியை விடமாட்டாள் என்பது அந்தப் பாதையில் வண்டி ஓட்டும் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவுதான் ஹாரன் அடித்தாலும் சிக்னல் அதற்குரிய நேரத்தில்தான் விழும். பெரிய அதிகாரி ஒருவரின் தனி வண்டியையே ஒருமுறை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, அவர் போனில் சத்தம் போட்டபோது, "டீ வேணும்னா குடுத்து அனுப்பறேன் சார், சிக்னல் இப்ப வராது" என்று சொன்னவள். அந்த அதிகாரி டீயும் குடிக்கவில்லை, புகாரும் எழுதவில்லை.

அவள் அந்தச் சின்ன ஸ்டேஷனின் ஸ்டேஷன் மாஸ்டர். நீளமான ஓர் அறைதான் ஸ்டேஷன். ஒரு ஜன்னல் பிளாட்பாரத்தைப் பார்க்கும், இன்னொன்று தண்டவாளம் வளைந்து மறையும் மேட்டைப் பார்க்கும். மேஜையின் மேல் பக்கத்து ஸ்டேஷனோடு பேசும் கருவி. சாவியைத் திருப்பினால் டிங் என்று மணி அடிக்கும். அதற்குப் பக்கத்தில் இரண்டு போன்கள். கறுப்பு போன் பழையது, பக்கத்து ஸ்டேஷனுக்கு. வெள்ளை போனைக் கொண்டுவந்து வைத்தது, புதுப் பாதை போட வந்தவர்கள்.

அதுவரை அங்கே ஒற்றைப் பாதைதான். பக்கத்திலேயே இரண்டாவது பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவர் வேறு யாருமில்லை, மாஸ்டரம்மாவின் தங்கை கணவர். கட்டுமானத்துக்கு வந்து இறங்கும் கருங்கல் ஜல்லியைக் கையில் எடுத்து உரசிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் ஜல்லி சார். அது அவருக்கும் தெரியும். வீட்டில் தங்கைகூடக் கோபம் வந்தால் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவாள்.

வேலைக்காகப் பழைய பாதையைக் குறுக்கே கடக்கவோ, அதன்மேல் பொக்லைனை ஏற்றி நிறுத்தவோ வேண்டியிருந்தால் ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும். எழுத்தில் வாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் வேலை நடக்கும் இடம் மேட்டுக்கு அந்தப் பக்கம். தாளைத் தூக்கிக்கொண்டு ஆள் வந்து போவதற்குள் அடுத்த வண்டியே வந்துவிடும். அதனால் போனில் கேட்பது, போனில் சொல்வது என்று ஆகிவிட்டது. எந்த ஷிப்டிலும் அப்படித்தான். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை, ஏனென்றால் தவறு எதுவும் நடக்கவில்லை.

அன்று காலை வெயில் ஏறும் நேரம். பக்கத்து ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி காத்திருந்தது. அதை அனுப்பலாமா என்று அவர்கள் மணி அடித்துக் கேட்டார்கள். மாஸ்டரம்மா ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்து, பாதை காலி என்று உறுதி செய்துகொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி அங்கிருந்து கிளம்பலாம். ரயில்வேயில் இதற்குப் பெயர் லைன் கிளியர் கொடுப்பது. சாவியிலிருந்து கையை எடுப்பதற்குள் வெள்ளை போன் அடித்தது.

"அக்கா, லைன் கிளியரா?" என்றார் தங்கை கணவர். பின்னால் பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது.

"லைன் கிளியர் குடுத்தாச்சு தம்பி" என்றாள் அவள். அதே நேரம் கறுப்பு போன் அடிக்கவே வெள்ளை போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியம்தான். ஸ்டேஷனில் இருந்தவளுக்கு அதன் அர்த்தம், வண்டிக்குக் கொடுத்தாச்சு, ஒதுங்கி நில்லுங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு அதன் அர்த்தம், உங்களுக்குக் கொடுத்தாச்சு, ஏறுங்கள். அவர் கையை அசைத்தார். பொக்லைன் ஆபரேட்டர் மெஷினைப் பழைய தண்டவாளத்தின் மேல் ஏற்றினார்.

வளைவு திரும்பியதும் கூட்ஸ் டிரைவர் பார்த்தார். இரும்போடு இரும்பு கிறீச்சிட அவர் போட்ட பிரேக் ஸ்டேஷன்வரை கேட்டது. வேகம் வெகுவாகக் குறைந்த பிறகுதான் வண்டி இடித்தது. ஆனாலும் பொக்லைன் பொம்மை மாதிரி கவிழ்ந்தது. கடைசி நொடியில் குதித்த ஆபரேட்டர் ஜல்லிக் குவியலின் மேல் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். உயிர் தப்பியது பெரிய விஷயம் என்றார்கள்.

அந்தப் பிரேக் சத்தம் கேட்டதுமே மாஸ்டரம்மா கறுப்பு போனை எடுத்தாள். செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தாள். எதிர்ப்பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்லி வண்டிகளை நிறுத்தினாள். ஆம்புலன்ஸை அழைத்தாள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் மேட்டைத் தாண்டி ஓடினாள். தங்கை கணவர் கவிழ்ந்த பொக்லைனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "நீங்க கிளியர்னு சொன்னீங்களே அக்கா" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே புரியாத குரல்.

"ஆமா, சொன்னேன்" என்றாள் அவள்.

அன்று மாலையே ஸ்டேஷனில் எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். ரயில்வே விதிப்புத்தகத்தில் லைன் கிளியர் என்றால் வண்டிக்கு அனுமதி என்று தெளிவாக இருக்கிறது. மாஸ்டரம்மா சரியாகத்தான் பேசியிருக்கிறாள். எழுத்தில் வாங்காமல், கேட்டதையும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் மெஷினை ஏற்றியது ஜல்லி சார். அவர் வேலை போவது நிச்சயம், வழக்குகூட வரலாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது மேடம் என்று, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அவளுக்கு ஆறுதல் சொன்னான். அவளுக்கு ஆறுதலாக இல்லை.

மறுநாள் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். விசாரணையில் அக்கா ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும் என்றாள். லைன் காலியாத்தான் இருக்கு என்று சொன்னதாக. அப்படிச் சொன்னால் குற்றம் இருவருக்கும் பாதிப் பாதியாகும், அக்காவின் இத்தனை வருஷ நல்ல பெயருக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும்.

"சொல்லாததைச் சொன்னேன்னு சொல்ல மாட்டேன்டி."

"அப்ப அவரைத் தூக்கிக் குடுத்துருவியா?"

"அதையும் செய்ய மாட்டேன்."

"ரெண்டும் இல்லாம மூணாவதா என்ன இருக்குக்கா?"

தங்கை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மாஸ்டரம்மாவின் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தையல் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். "உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா பேசாம இருந்துடேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னபிறகு, அது நடக்காது என்பது அவருக்கே தெரிந்தமாதிரி வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஆபரேட்டரைப் பார்க்க அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் முடிந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுக்க வைத்திருந்தார்கள். வராந்தா பெஞ்சில் ஆபரேட்டரின் மனைவியும், அவளுக்குத் துணையாக மாஸ்டரம்மாவின் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அக்காவைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். சற்று நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். தங்கை எழுந்து ஆபரேட்டரின் மனைவியின் தோளைத் தொட்டாள்.

"வாங்க அண்ணி, டாக்டர் லைன் கிளியர் குடுத்துட்டாரு. உள்ள போய்ப் பாக்கலாம்."

இரண்டு பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாஸ்டரம்மா காலியான பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்த வார்த்தையை ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்தான். பெண் வீட்டில் சம்மதித்தால் லைன் கிளியர். வீட்டுக் கடனுக்கு மேனேஜர் தலையாட்டினால் லைன் கிளியர். இதையெல்லாம் கேட்டு அவளே சிரித்திருக்கிறாள். ஆனால் இப்போதுதான் கவனித்தாள்: வெளியே இந்த வார்த்தை எங்கே வந்தாலும், கேட்டு நிற்பவன் போகலாம் என்றுதான் அர்த்தம். யார் கேட்டாரோ அவருக்கு வழி. ரயில்வேக்குள் மட்டும் அப்படி இல்லை. அங்கே யார் கேட்டாலும் வழி வண்டிக்குத்தான். தண்டவாளத்தில் நிற்கிற மனிதனுக்கு அதே வார்த்தை ஓடிப்போ என்று சொல்கிறது. ஜல்லி சாரும் அவர் ஆட்களும் பாதை போட வந்தவர்கள். ரயில்வே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இல்லை. அவர்கள் அந்த வார்த்தையைத் தெருவில் கற்றுக்கொண்டார்கள், அவள் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே போனில் அதைப் பேசினார்கள்.

பொய் சொல்லவும் வேண்டாம், தம்பியைப் பலி கொடுக்கவும் வேண்டாம். மூன்றாவதாக ஒன்று இருந்தது. வீடு திரும்பும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

விசாரணை ஸ்டேஷன் அறையிலேயே நடந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த விசாரணை அதிகாரி சிக்னல் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், பேசவும் ஆசைப்படுபவர். தங்கை கணவரைக் கேட்டார். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். மாஸ்டரம்மாவைக் கேட்டார். அவளும் அப்படியே சொன்னாள். பேசிய வார்த்தை என்ன என்பதில் இருவருக்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. அதிகாரி பேனாவை மூடினார்.

"இன்னும் கொஞ்சம் சொல்லணும் சார்" என்றாள் மாஸ்டரம்மா. "எழுத்துல குடுக்காம போன்ல அனுமதி சொல்றது நானும்தான். தினமும் சொல்லியிருக்கேன். அதை எழுதிக்குங்க."

மூலையில் நின்ற பாயிண்ட்ஸ்மேன் தலையில் கை வைத்தான். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இதைச் சொன்னால் அவளுக்கே பாதகம் என்று எடுத்துச் சொன்னார். தெரியும் என்றாள். அப்புறம், அந்த வார்த்தை இரண்டு பக்கம் பார்க்கிறது, அதைக் கட்டுமான ஆட்களோடு பேசும்போது இனி பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவு வேண்டும் என்று கேட்டாள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேலி இல்லை, அவருக்குப் பிடித்த விஷயத்தைத் தொட்டுவிட்டாள், அவ்வளவுதான். அந்த வார்த்தை எப்படிப் பிறந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். முதலில் அது ஒரு கேள்வியாகத்தான் இருந்ததாம். இந்த ஸ்டேஷனுக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு தந்திக் கம்பி. வண்டியை வைத்துக்கொண்டு நிற்பவர், லைன் காலியாக இருக்கிறதா என்று கேட்பார். முன்னே போன வண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, காலி என்று மற்றவர் பதில் சொல்வார். கேள்வியில் இருந்த வார்த்தை பதிலுக்குப் பெயரானது. பதில் அனுமதியானது. அனுமதியை டிரைவர் கையில் சீட்டாகவும் வளையமாகவும் கொடுத்தபோது, அந்தச் சீட்டுக்கும் வளையத்துக்குமே லைன் கிளியர் என்று பெயர் வந்தது. அதை எட்டிப் பிடிக்காமல் எந்த டிரைவரும் ஸ்டேஷனைத் தாண்டியதில்லை. "எத்தனை தலைமுறையா எத்தனை லட்சம் வண்டியை அந்த ரெண்டு வார்த்தை பத்திரமா கொண்டு சேர்த்திருக்கு. உங்க தங்கச்சி வீட்டுக்காரர் தப்பாக் கேட்டாருன்னு அதை நான் மாத்த முடியுமாம்மா?"

அவர் சொன்னதில் ஒன்றையும் மாஸ்டரம்மா மறுக்கவில்லை.

"அந்தக் கம்பியில எத்தனை பேர் சார் இருந்தாங்க?"

"ரெண்டு பேர். இந்த மாஸ்டர், அந்த மாஸ்டர்."

"ரெண்டு பேருக்குள்ள பிறந்த வார்த்தை சார். ரெண்டு பேரும் வண்டியை வச்சுக்கிட்டு இருக்கறவங்க. அதனால யாருக்குன்னு சொல்ல வேண்டிய அவசியமே வரல. இப்ப மூணாவதா ஒரு ஆள் வெள்ளை போன்ல இருக்கார். அவர்கிட்ட வண்டி இல்ல. அவர் லைன் மேல நிக்கறார். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல அந்த வார்த்தை இருக்கட்டும், நான் தொடச் சொல்லல. அந்த மூணாவது ஆள்கிட்ட மட்டும் வேண்டாம்."

அதிகாரி பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டே இருந்தார். இது அவள் தங்கை குடும்பத்தைக் காப்பாற்றப் போட்ட திட்டமோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மாஸ்டரம்மா அதைப் படித்துவிட்டாள். தன் பேச்சை நம்ப வேண்டாம், வெளியே நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி, என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள் என்றாள். அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனால் கண்ஜாடை காட்டிவிடக்கூடாது என்று அவளையும் ஜல்லி சாரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் நின்றார்கள்.

முதலில் பாயிண்ட்ஸ்மேன். "ஒதுங்கி நிப்பேன் சார். வண்டி கிளம்பிடுச்சுல்ல" என்றான். அடுத்து வந்த கூட்ஸ் வண்டியின் கார்டும் அதையேதான் சொன்னார், இதென்ன கேள்வி என்கிற குரலில்.

பிறகு கட்டுமான ஆட்கள். கொடி பிடிக்கும் பெண், "வேலையை ஆரம்பிப்போம் சார். குடுத்தாச்சுன்னு சொன்னப்புறம் வேற என்ன பண்றது?" என்றாள். தண்டவாளம் ஒட்டும் வெல்டர், பாதையில் இறங்கிவிடுவேன் என்றார். அதற்குப் பின் வந்தவர்களும் இறங்கினார்கள், ஏறினார்கள், மெஷினைக் கிளப்பினார்கள். ஒருவர்கூட ஒதுங்கி நிற்கவில்லை. சுவரைப் பார்த்து நின்ற ஜல்லி சாரின் தோள் குலுங்குவதை மாஸ்டரம்மா ஓரக்கண்ணால் கண்டாள். இத்தனை நாளும் தனக்குத்தான் காதில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

கடைசியில் அதிகாரி தன் ஜீப் டிரைவரையே கூப்பிட்டுக் கேட்டார். "கிளியர்னா போலாம்னுதானே சார்" என்றார் அவர், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மூடிய பேனாவைத் திறந்தார்.

தீர்ப்பு வர மழைக்காலம் ஆனது. எல்லோரும் தப்பித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. எழுத்தில் அனுமதி வாங்காததற்காக ஜல்லி சாருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. வேலை போகவில்லை, வழக்கும் இல்லை. போனில் அனுமதி சொன்னதற்காக மாஸ்டரம்மாவுக்கு முதல்முறையாக ஒரு கண்டனம் வந்தது. அவள் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். ஆபரேட்டரின் சிகிச்சையும் அவருக்கு வேறு வேலையும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அதிகாரி தனியாக எழுதியிருந்தார். கூடவே அவள் கேட்ட உத்தரவும் வந்தது. ஆனால் அந்த ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும்.

அது அவளுக்குப் போதவில்லை. புதுப் பாதை இந்த ஸ்டேஷனோடு நிற்கவா போகிறது? அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரும் அவளைப்போல வகுப்பில் படித்தவர்தான், அங்கே வேலை பார்ப்பவர்களும் தெருவில் கற்றவர்கள்தான். அவள் ரயில்வே மேலதிகாரிகளின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அந்தப் படியில் இவளைக் கண்டாலே குமாஸ்தாக்கள் குனிந்துகொண்டார்கள். ஒருநாள் விசாரணை அதிகாரியே கூப்பிட்டு, சரி, அந்த வார்த்தைக்குப் பதிலாக எதைத்தான் சொல்வது என்று கேட்டார். புதுசாக ஒரு பெயர் கண்டுபிடிக்கச் சில பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம், நல்ல செந்தமிழில்.

"பேரே வேண்டாம் சார். பேர் வச்சா அதுக்கும் ரெண்டு அர்த்தம் முளைச்சிடும். முழுசா சொல்லிடலாம். வண்டி வருது, ஒதுங்குங்க. இல்லைன்னா, வண்டி இல்ல, வேலை பாருங்க. கேட்டவங்க அதைத் திருப்பிச் சொல்லணும். சொன்ன பிறகுதான் போனை வைக்கணும். சீட்டு எழுதி வந்த பிறகுதான் மெஷின் ஏறணும்."

இதற்கா இத்தனை அலைச்சல் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அதே வாக்கியங்கள்தான் பாதை நெடுகிலும் எல்லா ஸ்டேஷன்களுக்கும் உத்தரவாகப் போயின.

ஆட்கள் முதலில் கேலி பேசினார்கள். திருப்பிச் சொல்வது பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி இருக்கிறது என்றார்கள். சீட்டுக்காக நடப்பதில் நேரம் வீணாகிறது என்று முணுமுணுத்தார்கள். ஜல்லி சார் யாரையும் பேச விடவில்லை. மேட்டின் மேல் ஒரு தகரக் கொட்டகை போட்டு வெள்ளை போனின் மறுமுனையை அங்கே கொண்டுவந்தார். ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பிய ஆபரேட்டரை அதற்குப் பொறுப்பாக உட்கார வைத்தார். மெஷினில் ஏற முடியாத மனிதரின் வாய்ச்சொல் இல்லாமல் இனி எந்த மெஷினும் ஏற முடியாது.

தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அத்தானிடம் ஜாக்கெட் தைக்கத் துணி கொடுத்தாள். அப்புறம் அடுப்படிக்கு வந்து, "உனக்குக் கண்டனம் வந்துச்சாமே, அவர் சொல்லித்தான் தெரியும்" என்றாள். ஆமாம் என்றாள் அக்கா. தங்கை கரண்டியைக் கழுவிக்கொண்டே, "அன்னைக்கு நீ நான் சொன்னதைக் கேட்டிருந்தா அவர் என்னை மதிச்சிருக்க மாட்டாருக்கா" என்றாள்.

மறுநாள் காலை மாஸ்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் வெள்ளை போன் அடித்தது.

"மேடம், நான்தான்" என்றார் ஆபரேட்டர். "பழைய லைன் மேல ஒரு வேலை இருக்கு. சீட்டுக்கு ஆள் கிளம்பட்டுமா?"

"வண்டி வருது, ஒதுங்குங்க."

"சரிங்க மேடம்."

"சரிங்க வேண்டாம். திருப்பிச் சொல்லுங்க."

"எனக்குமா மேடம்? இதுக்காக இடுப்பையே உடைச்சுக்கிட்டவன் நான்."

"உங்களுக்குத்தான் முதல்ல."

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆபரேட்டர் சிரிப்பது கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றிலும் நின்ற ஆட்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "வண்டி வருது. ஒதுங்கி நிக்கறோம்."

மாஸ்டரம்மா போனை வைத்தாள். பக்கத்து ஸ்டேஷன் மணி அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, லைன் கிளியர் கொடுக்கும் சாவியைத் திருப்பினாள்.